வேப்பிலை கட்டிய வீட்டுக்கு அடுத்த வீடு

திருத்தணி சப் மாஜிஸ்திரேட் முன்பாக, 1945ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 10ந் தேதி வெள்ளிக்கிழமை பகலில், குற்றம் சாட்டப்பட்ட எதிரி வாயால் சொல்லக் கேட்டு எழுதிய வாக்குமூலம்.

பெயர் கௌரியம்மாள். கணவன் பெயர் கோதண்டபாணி. வயது சுமார் முப்பது. தொழில் நெசவு. பிறந்த ஊர் அம்மையார்குப்பம். தற்போது இருப்பது திருத்தணி, ஏரிக்கரை நெசவாளர் தெரு. எழுதப் படிக்கத் தெரியாது.

இந்த வாக்குமூலத்தைக் கொடுக்க வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை என்றும், கொடுத்தால் அது எனக்கே பாதகமாக வரலாம் என்றும் மாஜிஸ்திரேட் ஐயா எடுத்துச் சொன்னார். போலீசார் யாரும் என்னை மிரட்டவும் இல்லை, ஆசை காட்டவும் இல்லை. பாதகமாக வருவதற்கு இனிமேல் என்னிடம் எதுவும் மிச்சம் இல்லை என்று நான் சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

என் பேரில் உள்ள புகார், கோர்ட்டார் அனுப்பிய வக்கீல் கமிஷனர் வரதராஜன் அவர்களை நான் கையைப் பிடித்து இழுத்தேன் என்பதும், செம்பால் அவர் நெற்றியில் காயம் உண்டாக்கினேன் என்பதும் ஆகும். இரண்டும் நடந்தவைதான். நான் மறுக்கவில்லை. ஆனால் ஏன் நடந்தது என்பதை முதலிலிருந்து சொல்ல வேண்டும். சுருக்கமாகச் சொல் என்கிறார்கள். எனக்குச் சுருக்கத் தெரியாது.

எங்கள் தெருவும் அதை ஒட்டிய இரண்டு தெருவும் சேர்ந்தால் முந்நூறு வீடுகளுக்கு மேல் இருக்கும். எல்லாம் தறி வீடுகள். குடிக்க, குளிக்க, நூல் அலச, தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போட, எல்லாவற்றுக்கும் தெருக்கோடியில் உள்ள பொதுக்கிணற்றுத் தண்ணீர்தான். கிணற்றுக்கு மேல்புறம் பங்காரு என்பவர் சாயப்பட்டறை வைத்திருக்கிறார். முன்பெல்லாம் புடவை நூலுக்குத்தான் சாயம் போட்டார், அதனால் எங்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை. சண்டை வந்த பிறகு பட்டாளத்துத் துணிக்குக் காக்கிச் சாயம் ஏற்றும் வேலை அவருக்குக் கிடைத்தது. அதற்குப் போடும் மருந்து வேறு, கழிவும் ஜாஸ்தி. அந்தக் கழிவைப் பட்டறைக்குப் பின்னால் ஒரு பள்ளம் தோண்டி அதில் விட்டார்கள். பள்ளத்துக்கும் கிணற்றுக்கும் நடுவில் கூப்பிடு தூரம்கூடக் கிடையாது. போன வருஷம் கோடையில் கிணற்றுத் தண்ணீர் மஞ்சள் பாரித்தது. அலசிய நூல் கறை பிடித்தது. பாவில் இழை சும்மா சும்மா அறுந்தது. வியாபாரி துணியை எங்கள் முகத்தில் விட்டெறிந்தார். தண்ணீர் நூலைத்தான் கெடுக்கிறது, ஆளைக் கெடுக்காது என்று நினைத்து, குடத்து வாயில் துணியைக் கட்டி வடித்துக் குடித்தோம். வேறு தண்ணீருக்கு எங்கே போவது?

அதன் பிறகு மூன்று தெரு ஜனங்களும் கூடி, பஞ்சாட்சரம் என்பவரை எல்லாருக்குமாக வாதியாக நிறுத்தி, பங்காரு பேரில் நஷ்டஈடு கேட்டுத் தாவா போட்டோம். பஞ்சாட்சரம் எங்கள் தெருக்காரர்தான், நாலு இடம் போய் வந்தவர், பேசத் தெரிந்தவர். நஷ்டம் எவ்வளவு என்று தெரிந்தால்தானே ஈடு கொடுக்கச் சொல்ல முடியும் என்று கோர்ட்டில் கேட்டார்கள். முந்நூறு வீட்டாரையும் கூண்டில் ஏற்றினால் இந்தச் சண்டை முடிந்து அடுத்த சண்டையே வந்துவிடும் என்று இரண்டு பக்கத்து வக்கீல்களும் பேசி, ஒரு கமிஷனர் நேரில் வந்து ஐந்து வீட்டுக்கு ஒரு வீடாக எண்ணி, ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்டு எழுதிக்கொள்வது என்றும், அந்த வீடுகளில் கண்ட கெடுதியை ஐந்தால் பெருக்கி மொத்தக் கெடுதியாக வைத்துக்கொள்வது என்றும் ஒப்புக்கொண்டார்கள். எனக்கு இதில் அப்போது ஒரு குறையும் தெரியவில்லை. நூல் வாங்கப் போனால் நாங்களும் கட்டிலிருந்து ஒரு சிட்டம் நூலை உருவிப் பார்த்துத்தான் முழுக் கட்டையும் விலை பேசுவோம். கடைக்காரன் எந்தச் சிட்டத்தை உருவ விடுகிறான் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதன் பிறகு பஞ்சாட்சரம் வக்கீலிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தார். கமிஷன் வருவது ஆடி மாதம். தெருவில் அங்கங்கே அம்மை கண்டு கதவில் வேப்பிலை கட்டியிருந்தார்கள். அம்மா இறங்கியிருக்கும் வீட்டுக்குள் வேற்று ஆள் காலெடுத்து வைக்கக் கூடாது, நோய் உண்டா என்று வாசலில் நின்று கேட்பதும் தோஷம். ஆகையால் எண்ணிக்கையில் வேப்பிலை கட்டிய வீடு விழுந்தால் அதை விட்டுவிட்டு அடுத்த வீட்டைக் கேட்க வேண்டும் என்றார். எங்கள் வக்கீலும் சரி என்றார். பங்காருவின் வக்கீல் அதைவிட வேகமாகச் சரி என்றாராம். தெருவில் இதைக் கேட்டவர்கள் எல்லாரும் பஞ்சாட்சரத்தை மெச்சினார்கள். பொய் சொல்வானேன், நானும் மெச்சினேன். அப்போது என் வீட்டுக் கதவில் வேப்பிலை இல்லை.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம் என் மகள் அம்சாவுக்கு உடம்பில் கொப்புளம் கண்டது. அவளுக்கு ஆறு வயது. எங்களுக்கு வேறு பிள்ளை இல்லை. என் கணவர் காவடி எடுப்பதாக வேண்டியிருந்தார். அம்மை கண்ட வீட்டில் காவடி கூடாது என்று, கட்டி வைத்திருந்த காவடியை அவிழ்த்துவிட்டு, நான்தான் போய் வேப்பிலை ஒடித்து வந்து கதவில் கட்டினேன். அதன் பிறகு அம்மை வீட்டில் என்ன செய்வார்களோ அதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தேன். தாளிக்கவில்லை. மருந்து என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை. பெரியாஸ்பத்திரி எங்கள் தெருவிலிருந்து எவ்வளவு பக்கம் என்று ஐயாவுக்கே தெரியும், இருந்தும் அங்கே தூக்கிக்கொண்டு ஓடவில்லை. காலையும் மாலையும் வேப்பிலையைத் தண்ணீரில் தோய்த்துக் குழந்தை மேல் தடவினேன். துணியை நனைத்துப் போர்த்தினேன். வீடு முழுவதும் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். இவ்வளவு தண்ணீரும் பொதுக்கிணற்றில் இறைத்ததுதான்.

எனக்கு அம்மை புதிதல்ல. சின்ன வயதில் எனக்கே வந்து போயிருக்கிறது. அம்மா முதலில் முகத்திலும் மார்பிலும் முத்துப் போடுவாள். அம்சாவுக்கு முகத்தில் ஒன்று கூட இல்லை. விரல் இடுக்கிலும், காலிலும், வாயைச் சுற்றியும்தான் வந்தது. முத்து உதிரவில்லை, குழி விழுந்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் அம்மா குளிர்ந்து இறங்குவாள் என்று முதல் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றின தண்ணீர் எந்த வழியாக வழிந்ததோ அந்த வழியெல்லாம் மறுநாள் தோல் உரிந்தது. அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. நான் ஏதோ முறை தவறிவிட்டேன் என்று நினைத்து அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

புத்தி வந்தது செவ்வாய்க்கிழமை காலையில். எங்கள் அடுத்த வீடு பரசுராமன் வீடு. அவர்களுக்குக் கொல்லையில் சொந்தக் கிணறு. அது பாறைக்கு அந்தப் பக்கம் இருப்பதால் தண்ணீர் கெடவில்லை. அவர் மகள் வசந்தியும் அம்சாவும் ஒரே தட்டில் தின்று ஒரே பாயில் புரண்டவர்கள். அம்மை என்றால் அந்தக் குழந்தைக்கு முதலில் வந்திருக்க வேண்டும். அது அன்று காலை சந்தில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தது. நான் அதன் கால்களைப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

அதன் பிறகு நான் என் கணவரிடம், "இது அம்மா இல்லிங்க, தண்ணி" என்றேன்.

"வாயக் கழுவுடி. ஆத்தா காதுல வுழப்போவுது" என்றார்.

"எந்தத் தண்ணியில கழுவறது? அத்தச் சொல்லு" என்றேன்.

அவர் வெளியே போய்விட்டார். அதன் பிறகு நான் குடத்தை எடுத்துக்கொண்டு பரசுராமன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி பத்மா நல்லவள், மற்ற நாளில் கேட்காமலே ஒரு குடம் கொடுப்பாள். அன்று வாசலிலேயே கையை நீட்டித் தடுத்து, "கொடத்த எடுத்துகினு இங்க வராத கௌரி. எங்க வூட்லயும் கொயந்தைங்க கீது" என்றாள். அம்மை வீட்டுக் குடம் இன்னொரு கிணற்றில் படக்கூடாது, நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அதன் பிறகு மலையடிவாரம் போய் சரவணப் பொய்கையில் ஒரு குடம் மொண்டு வந்தேன். அதைக் குழந்தை குடிப்பதற்கென்று தனியாக மூடி வைத்தேன். மூலையில் ஒரு செம்பில் கிணற்றுத் தண்ணீர், வீட்டில் தெளிப்பதற்கு வைத்தது, அப்படியே இருந்தது. அதைக் கொட்ட மறந்துவிட்டேன்.

அன்று சற்று வெயில் ஏறிய நேரத்தில் கமிஷனர் வரதராஜன் எங்கள் தெருவுக்கு வந்தார். கூட ஒரு சேவகன், பஞ்சாட்சரம், பங்காரு பக்கத்து வக்கீல் குமாஸ்தா ஆகியோர் வந்தார்கள். மற்ற இரண்டு தெருவையும் முடித்துவிட்டு, அதே கணக்கைத் தொடர்ந்து எண்ணிக்கொண்டு வந்தார்கள். முதலில் எண்ணிக்கையில் விழுந்தது பஞ்சாட்சரத்தின் வீடு. வாதி ஆனாலும் கேட்க வேண்டியதுதான் என்று கேட்டார்கள். உடம்பில் புண் உண்டா, வேலைக்கு இடைஞ்சல் உண்டா என்று கமிஷனர் கேட்டதற்கு, தறி வேலை கெட்டது, துணி திரும்பி வந்தது, உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றார். கையைக் காட்டச் சொன்னார் கமிஷனர். "தறிக்காரன் கை அப்டித்தாங்க இருக்கும்" என்று சொல்லிச் சிரித்தார் பஞ்சாட்சரம். அதை நான் என் கதவருகில் நின்று கேட்டேன்.

அங்கிருந்து ஐந்தாவது வீடு என் வீடு. அவர்கள் எண்ணிக்கொண்டு வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். சொல்லிவிடலாம், இந்த ஒரு வீட்டில் சொன்னால் ஐந்து வீட்டில் சொன்ன மாதிரி, எழுத்தில் ஏறிவிடும் என்று நினைத்தேன். கமிஷனர் என் வாசலுக்கு வந்தார். கதவைப் பார்த்தார். செருப்பைக் கழற்றி, வேப்பிலையைப் பார்த்துக் கைகூப்பிக் கும்பிட்டார். அதன் பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு பரசுராமன் வீட்டு வாசலுக்குப் போய், இதே கேள்விகளைக் கேட்டார். "முருகன் புண்ணியத்துல ஒன்னும் இல்லிங்க" என்றார் பரசுராமன். அவர் சொன்னது பொய் இல்லை. அதை எழுதிக்கொண்டார்கள். பங்காருவின் வக்கீல் குமாஸ்தா தலையை ஆட்டினான்.

கமிஷனர் பேரில் எனக்குக் கோபம் இல்லை, பின்னால் நடந்தது வேறு. மரியாதை தெரிந்த மனுஷர். எங்கள் தெருவில் எல்லாருமே மரியாதை தெரிந்தவர்கள். அந்த மரியாதையால்தான் எங்கே குழந்தைகள் படுத்துக் கிடக்கின்றனவோ அந்தக் கதவுகளையெல்லாம் தாண்டிப் போனார்கள். நனைந்த சிட்டத்தையெல்லாம் பக்கத்தில் தள்ளி வைத்துவிட்டு, காய்ந்ததை உருவிப் பார்த்து, கட்டு முழுவதும் நன்றாயிருக்கிறது என்று எழுதிக்கொண்டு போகிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நான் சத்தம் போட்டுக் கூப்பிட்டேன்.

கமிஷனர் திரும்பி, "அம்மா இருக்கிற வீடும்மா. நாங்க தொந்தரவு குடுக்கக் கூடாது. உங்க வீட்டுக்குப் பதிலா அடுத்த வீட்டை எழுதியாச்சு" என்றார்.

"எங்க வூட்டுக்கு அந்த வூடு எப்டிங்க பதிலாவும்?" என்று கேட்டேன்.

பஞ்சாட்சரம் என்னைப் பார்த்து, "உள்ள போ கௌரி. ஆடிச் செவ்வாயில இன்னா பேச்சு இது" என்றார்.

அதன் பிறகு நான் கதவில் கட்டியிருந்த வேப்பிலையை இரண்டு கையாலும் பிடுங்கி சாக்கடையில் போட்டேன். தெருவில் இருந்த பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். இப்போது இது வெறும் வீடு, வந்து கேளுங்கள் என்றேன். இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட முறையை வழியில் மாற்ற முடியாது, மாற்றினால் மொத்தக் கணக்கும் தள்ளுபடியாகும் என்று கமிஷனர் சொன்னார். பங்காருவின் வக்கீல் குமாஸ்தா, ஆமாம் ஆமாம் என்றான். அதன் பிறகு நான் கமிஷனரின் மணிக்கட்டைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்தேன். அவர் கையை உதறவில்லை. இதைச் சேவகன் சொல்லியிருக்க மாட்டான், அதனால் நான் சொல்கிறேன்.

உள்ளே அம்சா வாழையிலையில் படுத்திருந்தாள். பாயில் போட்டால் ஒட்டிக்கொண்டது, அதனால் வாழையிலை. கமிஷனர் அவளைப் பார்த்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்சா அவரைத் தன் அப்பா என்று நினைத்து, "நைனா, தண்ணி" என்றாள். அவர் சுற்றிலும் பார்த்து, மூலையில் இருந்த செம்பை எடுத்து, குழந்தையின் தலையைத் தாங்கி வாயருகில் கொண்டுபோனார். அது கிணற்றுத் தண்ணீர். சொல்ல எனக்கு வாய் வரவில்லை, கைதான் வந்தது. ஓங்கித் தட்டிவிட்டேன். செம்பு எகிறி அவர் நெற்றியில் பட்டது, ரத்தம் வந்தது. அவர் சட்டை முழுவதும் தண்ணீர். அவரை அடிக்க வேண்டும் என்று நான் அடிக்கவில்லை. ஆனால் அந்தச் செம்பு யார் கையில் இருந்திருந்தாலும், என் சாமியின் கையில் இருந்திருந்தாலும், தட்டிவிட்டிருப்பேன்.

சேவகன் கூச்சல் போட்டான். கமிஷனர் எழுந்து துண்டால் நெற்றியை அழுத்திக்கொண்டு வெளியே போனார். அவரிடம் நான், பார்த்ததை எழுதிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதன் பிறகு மீதித் தெருவையும் அதே முறையில் எண்ணிக்கொண்டு போனார்கள். மேற்கொண்டு வேப்பிலை வீடு வந்தபோதும் அடுத்த வீட்டைத்தான் கேட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

மறுநாள் புதன்கிழமை காலையில் அம்சா செத்துப்போனாள்.

அம்மாவை அவிழ்த்து சாக்கடையில் போட்டதால் அம்மா குழந்தையை எடுத்துக்கொண்டாள் என்று தெருவில் பேசினார்கள். யாரும் வாசலுக்கு வரவில்லை. என் கணவரும் நானும்தான் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்தோம். புதைத்துவிட்டு, அவர் மணவூரில் இருக்கும் தன் தம்பி வீட்டுக்கு அப்படியே ரயில் ஏறிப் போய்விட்டார். அன்று மத்தியானம் போலீசார் வந்து என்னைக் கூட்டிவந்தார்கள். வீட்டைப் பூட்டவில்லை. தறியில் பாதி நெய்த துணி இருக்கிறது. நான் அங்கே இருந்திருந்தாலும் என்னால் அதை முடித்திருக்க முடியாது. முன்பெல்லாம் இழை அறுந்தால் விரல் பட்டதும் தெரியும், இந்த வருஷத்துக் கோடையிலிருந்தே தெரிவதில்லை, கண்ணால் தேட வேண்டியிருக்கிறது.

கமிஷனர் தன் அறிக்கையை இன்னும் கோர்ட்டில் கொடுக்கவில்லை என்று ஸ்டேஷனில் பேசிக்கொண்டார்கள். அதில் என் வீடு இல்லை. என் வீட்டுக்குப் பதில் பரசுராமன் வீடு இருக்கிறது. அந்த ஒரு வீட்டின் சௌக்கியத்தை ஐந்து வீட்டு சௌக்கியமாகப் பெருக்குவார்கள். அம்சா பங்காரு பேரில் போட்ட தாவாவிலும் வரமாட்டாள், அம்மை என்று தெருவார் சொல்வதால் நஷ்டத்திலும் வரமாட்டாள். எனக்கு நஷ்டஈடு வேண்டாம். தண்டனை எதுவானாலும் அனுபவிக்கிறேன். இந்தக் கேஸுக்கு இது சம்பந்தமில்லாத சங்கதி என்று ஐயா சொன்னார். சம்பந்தம் இருக்கிறதோ இல்லையோ, கோதண்டபாணி மகள் அம்சா, வயது ஆறு, பொதுக்கிணற்றுத் தண்ணீரால் இறந்தாள் என்று ஒரு சர்க்கார் காகிதத்திலாவது இருக்க வேண்டும். அதற்காகத்தான் வாய் திறந்தேன்.

மேலே கண்டதை வரி வரியாக எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான் இருக்கிறது. நான் கூட்டியதும் இல்லை, அவர்கள் குறைத்ததும் இல்லை.

குறிப்பு: மேற்படி கௌரியம்மாளின் இடது கைப் பெருவிரலில் மை தடவி ஒற்றியதில் கறுப்புத் திட்டு மட்டும் விழுந்தது, ரேகை விழவில்லை. மை கெட்டியாயிருக்கலாம் என்று விரலைத் துடைத்து வேறு மை தடவி ஒற்றியும் அப்படியே. வலது கை விரல்களிலும் அப்படியே. ரேகைக்குச் சாட்சி போட வெளியே காத்திருந்த பஞ்சாட்சரத்தையும் பரசுராமனையும் கூப்பிட்டு, மையைச் சோதிப்பதற்காக அவர்கள் விரலையும் ஒற்றச் சொன்னார் மாஜிஸ்திரேட். பரசுராமனின் ரேகை சுத்தமாக விழுந்தது. பஞ்சாட்சரத்தின் விரலில் கறுப்புத் திட்டு மட்டும் விழுந்தது. "எனக்கு ஒன்னும் இல்லிங்களே, நல்லாத்தான கீறேன்" என்று சொல்லி, மேற்படியார் இரண்டாம் முறை தாமாகவே ஒற்றினார். ரேகை விழவில்லை. மூன்று பேரின் பதிவுகளையும் அழிக்காமல் இந்தக் காகிதத்திலேயே வைத்து, அவரவர் எந்தக் கிணற்றுத் தண்ணீரை உபயோகிப்பவர் என்பதைக் கேட்டு எதிரில் எழுதும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிட்டார். அதன்படி:

கௌரியம்மாள், பொதுக்கிணறு.

பஞ்சாட்சரம், பொதுக்கிணறு.

பரசுராமன், சொந்தக் கிணறு.

எழுதியது: கோர்ட்டு குமாஸ்தா கங்காதரன்.